போடிமெட்டு ஏறும்போது வண்டி கொதித்தால்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில், அடிவார முந்தல் தாண்டி ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் ஹீட் முள் மேலே போய் பானெட் ஓரமாக ஆவி வந்தால், முதலில் எல்லார் வாயிலும் வருவது ஹெட் கேஸ்கெட்தான், அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. ஹெட்டை இறக்கச் சொல்வதற்கு முன்னால் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான் அது.

போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர் உயரம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும் என்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதிக்கும். இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே 90 டிகிரி பக்கம். பல கார்களில் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பது 95-க்கு மேல். மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால், வெறும் தண்ணீர்கூட அந்த உயரத்தில் 115 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி தாங்கும். மூடியின் ரப்பர் வாஷர் போயிருந்தால் இந்தப் பாதுகாப்பு மொத்தமும் போச்சு. தேனி ரோட்டில் ஒன்றும் தெரியாது, மலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் கல்லாக இறுகியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, உப்பு படிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். நடுவில் உள்ள குட்டி வால்வை நகத்தால் இழுத்து விட்டால் சட்டென்று திரும்பி உட்கார வேண்டும். அது அடைத்துக்கொண்டால், இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீர் திரும்பி வராது. காலையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். டேங்கை மட்டும் பார்த்துவிட்டு மலை ஏறுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் 0.9 என்றால் 0.9-தான் வாங்க வேண்டும். கூடுதல் எண் போட்டால் பழைய ஹோஸ் வாய் பிளக்கும்.

மூடி சரி என்றால், எப்போது ஹீட் ஏறுகிறது என்று கவனியுங்கள். லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது மட்டும் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கினால் ஃபேன் மேல் சந்தேகம். ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா, ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேவைக் கழற்றி அதே நம்பர் உள்ள வேறு ரிலேவை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்புகளில் ஃபேன் பெல்ட்டில்தான் ஓடுகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம், அதற்கு மேல் தொளதொளத்தால் இழுத்துக் கட்ட வேண்டும்.

ஃபேன் நன்றாகச் சுற்றியும் ஏற்றத்தில் ஹீட் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு. ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பஞ்சும் பூச்சியும் தூசியும் மெத்தையாகப் படியும். இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவலாம். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்தால் தகடு மடங்கிவிடும். மேல் ஹோஸ் தொட முடியாத சூடு, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட், அதாவது சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வு, திறக்கவில்லை. "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டா ஹீட்டே ஏறாது" என்று சொல்லுவார்கள். கேட்காதீர்கள். தேவிகுளம் குளிரில் இன்ஜின் சூடே பிடிக்காமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும்.

கேஸ்கெட்டுக்கும் அடையாளங்கள் உண்டு. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைப்பது, மூடி திறந்த ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது, ஒழுகல் எங்கும் தெரியாமல் கூலன்ட் குறைவது, இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருவது. இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் ஹெட்டை இறக்கச் சொல்லுங்கள்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் புளோயரோடு போடுங்கள். வியர்க்கும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு வெளியே போகும். சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டிவிடுங்கள். ஆவியோ ஒழுகலோ இருந்தால் உடனே ஆஃப். இல்லையென்றால் ஓரிரு நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓட விடலாம். அரை மணி நேரத்துக்காவது மூடியில் கை வைக்காதீர்கள், பிறகும் ஈரச் சாக்கைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். கொதித்த இன்ஜினில் ஓடைத் தண்ணீரைக் குபுக்கென்று ஊற்றினால் ஹெட் வளையும், விரிசலும் விடலாம். மெட்டைத் தாண்டி பூப்பாறை இறக்கத்தில் முள் தானாக இறங்கும். அதை நம்பி அப்படியே விட்டால் திரும்பி ஏறும்போது மறுபடியும் கொதிக்கும்.

அவசரத்துக்குப் போர்த்தண்ணீர் ஊற்றியிருந்தால் வீடு சேர்ந்ததும் வடித்துவிட்டு, கம்பெனி சொன்ன வகைக் கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சம அளவில் ஊற்றுங்கள். சின்னக் காருக்கு மொத்தம் 4 முதல் 5 லிட்டர் ஆகும். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டு வகையைக் கலக்காதீர்கள். ஊற்றிய பிறகு முன்பக்கம் மேடாக நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைப் போட்டு ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது துணி சுற்றிய கையால் பிசைந்தால் காற்று குமிழியாக வெளியேறும். ஃபேன் இரண்டு முறை சுற்றி நின்றதும் நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலையில் பார்த்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதையும் நிரப்பிவிட்டு வண்டியை எடுங்கள்.