வெள்ளையை வரையும் ஊர்

ஃபுகுவோக்கா நகரின் ஹகாட்டா நிலையத்தில் மிதோரி எக்ஸ்பிரஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அரித்தா வந்துவிடுகிறது. கியூஷு தீவின் சாகா பகுதியில், மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். ஜப்பானின் பீங்கான் கதை தொடங்கியது இங்கேதான். அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி 1592இல் கொரியா மீது தொடுத்த போரின்போது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்களில் யி சாம்ப்யோங் என்பவரும் ஒருவர். 1616 வாக்கில் இசுமியாமா மலையில் பீங்கானுக்கான வெள்ளைக் கல்லை அவர் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். வெட்டி வெட்டி எடுத்ததில் அந்த மலை இன்று பெரும் பள்ளமாகக் கிடக்கிறது.

தோசான் கோயிலுக்குப் போக ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் படியேற வேண்டும். மேலே நிற்கும் தோரணவாயிலே பீங்கான்! 1888இல் செய்தது. வெள்ளைத் தூண்களில் நீலக் கொடிகள் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன.

அப்புறம் கியூஷு பீங்கான் அருங்காட்சியகம். அங்கே ககியெமோன் என்ற அரித்தா குயவர் குடும்பத்தின் பாணியிலான தட்டு ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஓரத்தில் இரண்டு காடைகள், பக்கத்தில் சாய்ந்த தினைக்கதிர், அவ்வளவுதான். தட்டில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நிகோஷிதே என்று பெயர். நிகோஷி என்றால் இந்த வட்டாரப் பேச்சில் அரிசி கழுவிய தண்ணீர், நம்முடைய கழுநீர்தான். சாதாரண அரித்தா பீங்கானில் லேசாக நீலம் ஓடும். இதில் அது இல்லை. அதனால்தான் ககியெமோன் சிவப்பு இவ்வளவு இதமாகத் தெரிகிறது. நடுவில் கைவிட்டுப்போன இந்த வெள்ளையை, அந்தக் குடும்பத்தின் 12ஆம், 13ஆம் தலைமுறை ககியெமோன்கள் முயன்று 1953இல்தான் மீட்டார்கள். இமாரித் துறைமுகம் வழியாக டச்சுக் கப்பல்களில் ஐரோப்பா போன காடைகளை ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையில் அப்படியே பார்த்து வரைந்தார்கள். எனக்கென்னவோ, காடையைப் பார்த்து வரைந்துவிடலாம், இந்த வெற்றிடத்தை விட்டுவைக்கத்தான் துணிச்சல் வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் இமாரி போய், அங்கிருந்து பஸ்ஸில் ஒகாவாச்சியாமா. மூன்று பக்கமும் செங்குத்தான மலை. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் பாதி மலை மேகத்துக்குள். இந்த வட்டாரத்தை ஆண்ட நபேஷிமா பிரபுக்கள் தங்கள் சூளையை இங்கே ஒளித்துவைத்ததில் ஆச்சரியமில்லை. ஊர் வாசலில் காவல் இருந்தது, தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாது. இங்கே செய்தவை கடைக்கு வந்ததே இல்லை. நாட்டை ஆண்ட ஷோகனுக்கும் பெரிய பிரபுக்களுக்கும் காணிக்கையாகப் போயின.

ஒரு பட்டறையில் வயதான அம்மா ஒருவர் அலை வரைந்துகொண்டிருந்தார். ஒருமுறை சுட்ட, இன்னும் பளபளப்பு ஏறாத தட்டு. முதலில் சாதாரணக் கறுப்பு மசியால் மெல்லிய அலைக்கோடுகள். பிறகு பெருவிரல் பருமனுள்ள தூரிகையில் சுட்டால் நீலமாகும் கோபால்ட் கரைசலை நிறைய உறிஞ்சவைத்து, அந்தக் கோடுகள் மேலேயே ஓடவிட்டார். கோடுகள் மறைந்துவிடும் என்று பதறிவிட்டேன். இல்லை, மசி கரைசலை ஒட்டவிடாமல் தள்ளியது. கரைசலும் அப்போது நீலமாக இல்லை, அழுக்குச் சாம்பல் நிறம். திரும்பவும் சூளையில் வைத்தால் மசி எரிந்து போய்விடும், அது இருந்த இடம் வெள்ளைக் கோடாக நிற்கும். இதற்கு சுமிஹாஜிகி என்று பெயர். செல்போன் மொழிபெயர்ப்பில் நான் கேட்டதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. சுட்டு முடித்த தட்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அடர்நீலத் தண்ணீர், அதில் தலைமுடி போன்ற வெள்ளை அலைகள். எந்த வெள்ளையும் பூசியதில்லை, எல்லாம் விட்டுவைத்தது!

உள்ளங்கையளவு தட்டு ஒன்று வாங்கினேன். விலை அதிகம்தான், ஆனாலும் அலையை விட்டுவர மனமில்லை. அந்த அம்மா அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். அடிவளையம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி நீலக் கோடுகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. நபேஷிமாவின் பழைய அடையாளம் அது. பஸ் வரும்வரை தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அந்தப் பற்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.