ஆடி மாதத்து வாசிப்பு: ஒரு பத்திர எழுத்தரின் நாட்குறிப்பு

ஜூலை 18 (ஆடி 2)

ஆடி பிறந்துவிட்டது. இனி ஆவணி முதல் தேதி வரை காங்கயம் பக்கத்தில் கிரயம் முடிக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள். வில்லங்கச் சான்றுக்கும் நகலுக்கும் வருகிறவர்களைத் தவிர மேசை முன்னால் ஆள் இருக்காது. இந்த ஓய்வில் நிலம் என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிப் பல வகையான எழுத்துகளைப் படிக்கவும், அந்தந்த வகையில் நானே எழுதிப் பார்க்கவும் எண்ணியிருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு எரிவது நிலத்தைப் பற்றி எழுதுவதால்தான் என்பதால், வேறு பொருள் தேட வேண்டியிருக்கவில்லை.

நன்றாகத் தெரிந்த வகையிலிருந்தே தொடங்குகிறேன். பத்திரம் படிக்கப் பழகியவர் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பதில்லை. கடைசியில் இருக்கும் சொத்து விவரத்தைத் திறந்து, நான்கெல்லையைச் சொல்லும் செக்குபந்தியைப் பார்ப்பார்; பிறகு முன்பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் பார்ப்பார்; அதன் பிறகு கிணற்றில் எத்தனை பாகம், எந்தத் தடத்தில் வண்டி போகலாம் என்ற பாத்தியங்களுக்கு, அதாவது உரிமைகளுக்கு, வருவார். 'கிழமேல் இட்டேரிக்குத் தெற்கு, தென்வடல் வண்டித்தடத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, பெரியப்பா வகையறா காட்டுக்குக் கிழக்கு, இதன் மத்தியில் புஞ்சை ஏக்கர் 2.40' என்று எழுதும்போது எதிரில் உட்கார்ந்திருக்கும் இருவரையும் மனத்தில் வைத்து நான் எழுதுவதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, இந்த இருவரும் இல்லாத காலத்தில், இதில் ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று தேடப்போகும் ஒருவரை நினைத்தே எழுதுகிறேன். இரண்டு பொருள் தரக்கூடிய வாக்கியம் பத்திரத்தில் இருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் அந்த வாசகர்தான்.

ஜூலை 22 (ஆடி 6)

ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலைப் பென்சிலும் கையுமாகப் படித்து முடித்தேன். தாராபுரம் வட்டத்துக் கீரனூரில் 1917-இல் பிறந்தவர் எழுதி 1942-இல் வெளிவந்த நாவல் இது. நம் பேச்சு அதன் உரையாடல்களில் அப்படியே இருக்கிறது. கணவனை இழந்த ஒரு பெண் கொழுந்தனிடம் தன் பங்கைக் கேட்பதும், அந்தக் கேள்வி அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதுமே கதை. என் மேசைக்கு வந்திருந்தால் இது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமாக நான்கு பக்கத்தில் முடிந்திருக்கும்.

படிக்கும்போது தொழில் அறிவு பல இடங்களில் கை கொடுத்தது. இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1937-இல் வந்தது. ஆனால் வேளாண் நிலத்துக்கு அது செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941-இல் கருத்துரைத்தது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் கொண்டுவந்து விவசாய நிலத்துக்கும் அதை விரித்தது 1947-இல்தான். ஆக, நாவல் அச்சேறிய ஆண்டில் காட்டில் பங்கு கேட்ட ஒரு விதவைக்குப் பின்னால் எழுத்து வடிவில் எந்தச் சட்டமும் உறுதியாக நிற்கவில்லை. இதை அறிந்து படிக்கும்போது அவளுடைய பிடிவாதம் வேறு எடை பெறுகிறது.

அதே தொழில் அறிவு சில இடங்களில் குறுக்கேயும் நின்றது. யார் பக்கம் நியாயம், எவ்வளவு ஏக்கர், எந்தக் கிணறு என்று மனம் பத்திரத்துக்கான விவரங்களைத் திரட்டத் தொடங்கிவிடுகிறது. நாவலாசிரியர் அவற்றைத் தீர்த்து வைக்க வரவில்லை. வீட்டுக்குள் ஒரு சொல் எப்படி விழுகிறது, அது ஊருக்குள் போய் எப்படிப் பெருத்துத் திரும்பி வருகிறது என்பதில்தான் அவர் கண் இருக்கிறது. பத்திரத்தில் நான் கேட்கும் கேள்விகளைத் தள்ளிவைத்து, 'இந்தப் பேச்சை இப்போது கேட்பவர் யார், அவர் இதை எங்கே கொண்டுபோவார்' என்ற ஒரே கேள்வியோடு சில பக்கங்களை மறுபடி படித்தேன். முதல் தடவை வெறும் வம்பாகத் தெரிந்த திண்ணைப் பேச்சுகள்தாம் கதையை நகர்த்துகின்றன என்பது அப்போது பிடிபட்டது.

ஜூலை 27 (ஆடி 11)

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஊரில் எல்லாருக்கும் அவர் புலவரய்யா. இந்த முயற்சியைச் சொன்னதும், "அப்படீன்னா நன்னூல் பாயிரத்துல இருந்து ஆரம்பிங்க அம்மிணி, அது நம்ம சீமைக்காரரு எழுதுனதுங்க" என்றார். பவணந்தி முனிவரைப் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்தோடு சேர்த்துச் சொல்லும் மரபு இங்கே வலுவாக உண்டு.

பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அவர் அடுக்குகிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பள்ளியில் மனப்பாடம் செய்த வரிகள்தாம். இப்போது அவற்றை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பத்திரம், நாவல், உடுக்கைப் பாட்டு, கலைக்களஞ்சியக் கட்டுரை என்று தலைப்பிட்டுக் கட்டங்கள் போட்டேன். மாலை முழுவதும் இதில் கழிந்தது. இவ்வளவு பயன் தந்த மாலை அண்மையில் வாய்க்கவில்லை.

கூறியது கூறலை எடுத்துக்கொள்வோம். பத்திரத்தில் அது கடமை. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் இரு முறை எழுதுகிறோம். எழுதிக் கொடுப்பவர் பெயரை 'அவர்' என்று சுருக்காமல் திரும்பத் திரும்ப எழுதுகிறோம். நாவலில் அப்படிச் செய்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். குன்றக் கூறல் பத்திரத்தில் வழக்குக்கு வழி செய்யும். நாகம்மாளின் மனத்தில் இருப்பதை ஆசிரியர் குன்றக் கூறியதால்தான் அவள் இன்றும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறாள். மயங்க வைத்தல் இலக்கணத்தில் பெருங்குற்றம். விடுகதைக்கோ அதுவே உயிர்.

அப்படியானால் பவணந்தியார் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாதா என்று புலவரய்யாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, நூற்பாவின் கடைசி அடியைக் காட்டினார். 'ஈரைங் குற்றம் நூற்கே' என்று அங்கேயே எல்லை வகுத்திருக்கிறார். ஒரு துறையைக் கற்பிக்க எழுதப்படும் நூலுக்குரிய குற்றங்கள் இவை என்று சொன்னவர், எழுதப்படும் எல்லாவற்றுக்கும் விதி வகுத்ததாகச் சொல்லவில்லை. செக்குபந்தியைப் போலவே தம் விதிக்கும் நான்கெல்லை எழுதி வைத்துவிட்டுப் போனவரை நாம்தான் எல்லை தாண்டி இழுக்கிறோம். இனி எந்த எழுத்தையும் குறை சொல்வதற்கு முன்னால், இந்த வகையில் இது குறைதானா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் எல்லா வகைக்கும் பொதுவாக நிற்கும் குற்றம் ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றுகிறது: சென்று தேய்ந்து இறுதல். நன்றாகத் தொடங்கி, போகப் போக வலுவிழந்து முடிவதை எந்தக் கட்டத்திலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ஆகஸ்ட் 3 (ஆடிப் பெருக்கு)

காலையில் முளைப்பாரியைக் கரைத்துவிட்டு வந்தபின், அண்ணன்மார் கதையின் உடுக்கைப் பாட்டு ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டேன். பொன்னர், சங்கர், தங்காள் கதையிலும் அடியில் ஓடுவது காணியும் பங்காளிப் பகையும்தான். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கயத்துக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கைப் பாடகர் ஒருவர் பாட இந்தக் கதையைப் பதிவு செய்தார். இதே கதையைச் சக்திக்கனல் பதிப்பித்த நூல் 1971-இல் வந்தது.

அச்சில் கண்ணால் படிக்கும்போது ஒரே அடி மூன்று முறை வந்தால் இரண்டாவதைத் தாண்டிவிடுகிறோம். காதால் கேட்கும்போது அப்படி முடியவில்லை. பாடுபவர் ஓர் அடியைச் சொல்ல, பின்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிச் சொல்லும் அந்த நேரத்தில்தான் கேட்பவருக்குக் கதையில் ஏறிக்கொள்ள இடம் கிடைக்கிறது. தூங்கி விழித்த பிள்ளைக்குக்கூட எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. வாய்மொழிக் கதையை அச்சில் படிக்க நேர்ந்தால், இனி வாய்விட்டே படிப்பேன்.

ஆகஸ்ட் 11 (ஆடி 26)

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போய்வந்தோம். கூட்டத்தில் புலவரய்யாவுக்கு நிற்க முடியவில்லை. வாங்கியவை சிலவே. வரும் வழியில் பேச்சு முழுவதும் பெரியசாமித் தூரனைப் பற்றியது. மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியர். அவரே கீர்த்தனைகளும், குழந்தைப் பாட்டுகளும், கதைகளும், நாடகங்களும் எழுதினார், நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார். கீர்த்தனை எழுதிய கை கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு வந்ததும் தன்னை முழுவதுமாக ஒளித்துக்கொள்கிறது என்பது எனக்குப் பெரிய பாடமாக இருக்கிறது.

அந்த முறையில் நம் கொறங்காட்டைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். 'கொறங்காடு என்பது காங்கயம், தாராபுரம் பகுதிகளில் மழையை நம்பி இருக்கும் மேய்ச்சல் நிலம். கிளுவை உயிர்வேலியால் இது தனித்தனி அடைப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இதில் முதன்மையானவை. காங்கயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும் இதில் மேய்கின்றன.' இதே நிலத்தைப் பத்திரத்தில் எழுதினால் கிளுவை வேலி யாருடையது என்பது முதலில் வரும். மாடு வரவே வராது. சென்னையில் இருக்கும் தங்கைக்குக் கடிதத்தில் எழுதினால், வெள்வேலங்காய் உதிரும் நாளில் ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு ஓடுவது முதலில் வரும். ஏக்கர் வரவே வராது. மூன்றையும் அடுத்தடுத்து எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எது விடுபடுகிறது என்று பார்ப்பதுதான் இதுவரை செய்த பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது. படிப்பவருக்கும் இதுவே நல்ல கேள்வி: இந்த எழுத்து எதை விட்டிருக்கிறது, அதை விடும் உரிமை இந்த வகைக்கு உண்டா?

ஆகஸ்ட் 15 (ஆடி 30)

சிறுகதை ஒன்றை எழுதிப் புலவரய்யாவிடம் கொடுத்தேன். பாகம் பிரிக்கும் நாளன்று ஒரு வீட்டில் நடப்பது கதை. படித்துவிட்டு, "எல்லாரும் நல்லவிங்களாவே பேசறாங்களே அம்மிணி. கையெழுத்துப் போட வந்த மாதிரி இருக்குதுங்க" என்றார்.

அவர் சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பத்திரத்திலும் 'என் சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும்' என்று எழுதுகிறோம். அந்த வாசகம் இல்லாமல் பத்திரம் நிற்காது. சிறுகதைக்கு வேண்டியதோ, முழுச் சம்மதம் இல்லாத ஒருவர் அந்த வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போடும் அந்த நிமிடம். மூத்த மருமகளை மறுபடி எழுதினேன். அவள் இப்போது யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை; வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துவிட்டு, எழுதுகிறவரிடம் மட்டும் 'கெணத்து மேட்டுத் தென்னை எந்தப் பங்குல வருதுங்க?' என்று இரண்டு தடவை கேட்கிறாள். இந்த வடிவத்தைப் புலவரய்யா திருத்தாமல் திருப்பிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 22 (ஆவணி 6)

ஆவணி பிறந்ததும் மேசை நிறைந்துவிட்டது. இன்று அண்ணன் தம்பிகளுக்குத் தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஒன்று. இந்தப் பக்கம் அடிக்கடி நடப்பதுதான். சீர் செய்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டுவிடு என்பார்கள். வழக்கப்படி வாசித்துக் காட்டும்போது, 'மேற்படி சொத்தில் எனக்கு இனி யாதொரு பாத்தியமும் கிடையாது' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "அக்கா, இது என்னன்னு ஒரு வாட்டி உங்க வாயாலயே சொல்லுங்க" என்றேன். "சீருக்கு ரசீதுங்களா?" என்றார் அந்த அம்மா.

எல்லை, முன்பத்திரம், பாத்தியம் எல்லாம் அந்தப் பத்திரத்தில் சரியாக இருந்தன. முப்பது ஆண்டுகள் கழித்து வரப்போகும் வாசகருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. கையெழுத்துப் போடுகிறவருக்கு மட்டும் அது பேசவில்லை. தமிழ்நாடு 1989-இல் சட்டத் திருத்தத்தால் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு கொடுத்தது. நாடு முழுமைக்கும் அது 2005-இல் வந்தது. தந்தை அப்போது உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல, மகளுக்கு அது பிறப்பாலேயே வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. இவற்றை அந்த அம்மாவுக்கு அண்ணன்மார் முன்னிலையிலேயே சொன்னேன். யோசித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்து போனார்கள். பெரியவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆகஸ்ட் 25 (ஆவணி 9)

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடப் போகும் பெண்கள் முன்கூட்டியே வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு பக்க விளக்கத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்கு முன்மாதிரி எதுவும் என்னிடம் இல்லை. பத்திரத்தின் துல்லியம் வேண்டும், ஆனால் அதன் நடை கூடாது. கலைக்களஞ்சியக் குறிப்பைப் போல யார் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும். பின்பாட்டைப் போல, முக்கியமான வாக்கியம் இரண்டாம் முறை வர வேண்டும். இங்கே கூறியது கூறல் குற்றமில்லை. முதல் வாக்கியத்தை இப்படி வைத்திருக்கிறேன்: 'இதில் கையெழுத்துப் போட்டால், இந்தச் சொத்தில் உங்களுக்கு இப்போது இருக்கும் பங்கு உங்கள் கையை விட்டுப் போய்விடும், பிறகு கேட்டு வாங்க முடியாது.'

புலவரய்யா படித்துவிட்டு, இரண்டாம் பத்தியில் ஆண்டுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, 2005-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தாளின் அடியில் கொண்டுபோங்கள் என்றார். 'பாத்தியம்' என்று இருந்த இடங்களிலெல்லாம் 'பங்கு' என்று மாற்றிவிட்டேன். நாளை கடைத்தெருவில் பதினாறு புள்ளி எழுத்தில் அச்செடுத்து, கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.