சிசேரியன் குழந்தையும் சொத்தைப் பல்லும்

சிசேரியனில் பிறந்த குழந்தைக்குப் பல் சீக்கிரம் சொத்தையாகிவிடும் என்ற பேச்சு, இளம் தாய்மார்களின் வாட்ஸப் குழுக்களில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. என் மகளும் அறுவைச் சிகிச்சையில் பிறந்தவள் என்பதால், இதில் எவ்வளவு உண்மை என்று தேடிப் படித்தேன்.

பேச்சுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் யிஹோங் லீயும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 156 தாய்மார்களும் அவர்களுடைய குழந்தைகளும் நான்கு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். பல் சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியா, சுகப்பிரசவக் குழந்தைகளிடம் சராசரியாக 28.8 மாத வயதிலும், சிசேரியன் குழந்தைகளிடம் 17.1 மாத வயதிலும் குடியேறியிருந்தது. ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம். ஆனால் அந்த ஆய்வு அளந்தது பாக்டீரியா வந்து சேர்ந்த வயதைத்தான், சொத்தையை அல்ல. குழுக்களில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் பல்லின் கடினமான பரப்பில்தான் நிலைத்து வாழ்கிறது. முதல் பல்லோ ஆறாம் மாதத்தை ஒட்டித்தான் முளைக்கிறது. அப்படியிருக்க, பிறந்த விதம் அதன் வருகையை எப்படி மாற்றும்? முதலில் வந்து இடம் பிடிக்கும் நுண்ணுயிர்கள், பின்னால் வருபவற்றுக்கு வழிவிடவோ தடுக்கவோ செய்யலாம் என்பது ஒரு கருதுகோள். வெனிசுலாவில் பிறந்த குழந்தைகளைப் பற்றி மரியா டொமிங்குவெஸ்-பெல்லோ குழுவினர் 2010இல் வெளியிட்ட சிறு ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது: சுகப்பிரசவக் குழந்தைகளின் உடலில் தாயின் பிறப்புறுப்புப் பாதையைச் சேர்ந்த லாக்டோபேசில்லஸ் போன்றவையும், சிசேரியன் குழந்தைகளிடம் தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்றவையும் மிகுந்திருந்தன. ஆனால் 2017இல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வில், ஆறு வார வயதுக்குள் பிறந்த விதத்தால் வந்த வேறுபாடுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இதோடு, சிசேரியனின்போது தாய்க்குத் தரப்படும் ஆன்டிபயாடிக், தாய்ப்பால் தொடங்குவதில் ஏற்படும் தாமதம் ஆகியவற்றின் விளைவைக் கத்தியின் விளைவிலிருந்து பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இத்தனை தாய்மார்களிடம், பெரும்பாலும் அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்காத ஒன்றைச் சொல்லிக் குற்ற உணர்வை ஏற்றுவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. பாக்டீரியா இருந்தாலும், அதற்குச் சர்க்கரை அடிக்கடி கிடைத்தால்தான் எனாமலை அரிக்கும் அளவுக்கு அமிலம் உண்டாகும். பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதில் தொடங்கி, சர்க்கரை கலந்த பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க விடுவது வரை, நம் வீடுகளில் அந்தத் தீனிக்குப் பஞ்சமில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவுப் பாட்டில்தான் இவற்றில் மோசமானது. மேல் முன்பற்கள்தான் முதலில் பழுதாகும்.

இந்தப் பாக்டீரியா குழந்தைக்குப் பெரும்பாலும் தாயின் உமிழ்நீர் வழியாகவே வருகிறது என்பதால், தாயின் வாயைச் சரிசெய்வதற்கும் பலன் உண்டு. 1980களில் சுவீடனில், வாயில் மியூட்டன்ஸ் மிகுந்திருந்த தாய்மார்களுக்குச் சிகிச்சையும் உணவு ஆலோசனையும் தந்தபோது, அவர்களுடைய குழந்தைகளிடம் அது தாமதமாகவே குடியேறியது. நம் ஊரிலோ, கர்ப்பிணி பல் மருத்துவரிடம் போகக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்களே தடுத்துவிடுகிறார்கள். சொத்தையை அடைப்பது கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பானதே, அதிலும் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். குழந்தைக்கு முதல் பல் தெரிந்ததுமே அரிசிமணி அளவு ஃபுளோரைடு பற்பசையால் துலக்கத் தொடங்கலாம். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், எந்த முறையில் பிறந்த குழந்தையாக இருந்தாலும்.