குடிமங்கலத்துக் காற்றில் ஒரு ரேஸ்

உடுமலை-பல்லடம் ரோட்டில் ஆடி மாதம் சைக்கிள் ஓட்டியவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேற்கே நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அது வழியாக நுழைந்து நேராக நம் பக்கம்தான் வருகிறது. குடிமங்கலம், பூளவாடிப் பக்கமெல்லாம் காற்றாடியாக நட்டு வைத்திருப்பது சும்மாவா? அந்த ரோட்டில், அந்த மாதத்தில், 40 கிலோமீட்டர் ரேஸ். பெண்கள் குறைவு என்று புதியவர்கள் பிரிவில் ஆண்களோடு சேர்த்தே எங்களையும் விட்டார்கள்.

முதலில் ஜெர்சியில் நம்பர் அட்டையைக் குத்தும் சடங்கு. நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள். நல்ல நிட் துணியில் ஊக்கைக் குத்து என்றால் கை வருமா? அங்கங்கே ஓட்டை விழுமே என்று மூலைக்கு ஒன்றாக நாலு ஊக்கோடு நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற காலேஜ் பையன், "அக்கா, பத்தாதுங்க்கா, காத்துல படபடன்னு அடிக்கும்" என்று இன்னும் நாலு கொடுத்தான். ஓரங்களையும் துணியோடு ஒட்டினாற்போல் குத்திவிட்டான். அவ்வளவு துல்லியமாக எங்கள் லைனில்கூட யாரும் லேபிள் வைப்பதில்லை.

தனியாக ஓட்டுவதும் ரோட் ரேஸும் வேறு வேறு விளையாட்டு. சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால், மிதிக்கிற சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி, ஒரு முழம் விட்டுப் போனால், உழைப்பில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். 'வீல் பிடிக்கிறது' என்பார்கள். எனக்கு அது ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருந்தது. ஓசியில் ஒரு டீ குடித்தாலே மறுநாள் திருப்பி வாங்கிக் கொடுக்கச் சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. முன்பின் தெரியாத ஒருவர் மூச்சுமுட்ட மிதிக்க, அவர் முதுகுக்குப் பின்னால் நான் சொகுசாக உட்கார்ந்து வருவதா?

அந்தக் கூச்சம் பெதப்பம்பட்டி தாண்டுவதற்குள் ஓடிப்போனது. வடக்கு நோக்கிப் போகும்போது காற்று இடது பக்கவாட்டில் அடித்தது. பக்கக் காற்றில் நேர் பின்னால் ஒதுங்கி நின்றால் பயனில்லை. முதல் ஆள் ரோட்டின் இடது ஓரத்தைப் பிடிக்க, அடுத்தவர் அவருக்குச் சற்று வலப்புறம் பின்தங்கி, அதற்கடுத்தவர் இன்னும் வலப்புறம் என்று ஏணிச் சாய்வாக அணி விரியும். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆக, பாதி ரோட்டில் ஆறேழு பேருக்குத்தான் காற்றுக்கு மறைவு கிடைக்கும். எட்டாவது ஆளிலிருந்து எல்லோரும் நடுக்கோட்டின் மேல் ஒற்றை வரிசை, ஒதுங்க இடமே கிடையாது. நான் அந்த ஒற்றை வரிசையில். எனக்கு முன்னால் ஒருவர் தளர்ந்து மூன்று மீட்டர் இடைவெளி விட்டார். அவரைச் சுற்றிக்கொண்டு போய் அதை அடைப்பதற்குள் அது முப்பது மீட்டராகிவிட்டது. முன் குழு போயே போச்சு. கால் பலத்தைவிட எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதுதான் பெரிது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எந்த அளவுக்கு நிஜம் என்று அந்த அரை நிமிடத்தில் தெரிந்தது.

குடிமங்கலம் தாண்டித் திரும்பும் இடத்தில் ஐந்து பேர் சேர்ந்தோம். ஊக்குத் தம்பி, ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு அண்ணன், இன்னும் இருவர், நான். இனித் தெற்கே, காற்று வலது முன்பக்கத்திலிருந்து. அண்ணன்தான் அதிகாரத்தைக் கையில் எடுத்தார். "அம்மிணி, இருபது மிதி முன்னால வா, அப்பறம் முழங்கைய ஆட்டிட்டு ஒதுங்கிக்கோ. வீரம் காட்டாத." முன்னால் வரும்போது முகத்தில் அறைகிறது. ஒதுங்கிப் பின்னால் போனதும் திடீரென்று சத்தம் அடங்கி, முன்னால் ஓடும் செயினின் கிறுகிறுப்புகூடக் கேட்கிறது. வலப்புறக் காற்று என்பதால் கடைசி ஆளுக்குத் தார் ஓரம்தான் மிச்சம். அதற்கப்பால் சரளை, வேலிமுள். "குழி!" என்று முன்னால் கத்துகிறவர் கத்தாமல் விட்டால் கதை முடிந்தது. தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே வந்தபோது எல்லோருக்கும் ஒரு நிமிடம் மூச்சு நின்றது.

ஊக்குத் தம்பி மட்டும் முறை வந்தபோதெல்லாம் "கால் புடிச்சுக்கிச்சுங்ணா" என்று பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். பாவம், பையன் என்று இழுத்து வந்தோம். முடிவுக்கோட்டுக்கு முன்னூறு மீட்டர் இருக்கும்போது எங்கள் நாலு பேரையும் தாண்டிப் பறந்தான் பாருங்கள், அந்தக் காலுக்கு என்ன நோவு!

விதிப்படி இதில் தப்பே இல்லை. பெரிய பந்தயங்களிலும் இப்படித்தான். ஒரே கொத்தாக முடிவுக்கோட்டைக் கடக்கிறவர்களுக்கு ஒரே நேரத்தைத்தான் பதிவு செய்வார்கள். இழுத்தவருக்கும் ஒட்டி வந்தவருக்கும் நேரத்தில் வித்தியாசம் கிடையாது, இடத்தில்தான் உண்டு. ஆளாளுக்கு எதிரி, ஆனால் ஆளாளுக்கு வேலைக்காரர். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் ருசியே இந்தக் கணக்கு வழக்கில்தான் இருக்கிறது. லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் வாங்கிவிட்டு, அதில் அரைக் கிலோ எப்படிக் குறைக்கலாம் என்றே பேசுகிறவர்கள் நாலு பேரோடு முறை போட்டு ஓட்டப் பழகினால் தேவலை. எடை வால்பாறை மலைக்கு ஆகும், குடிமங்கலத்துக் காற்றுக்கு ஆகாது.

வீட்டில் அம்மா கேட்டது, "பரிசு ஏதாச்சு குடுத்தாங்களா கண்ணு?" ஒரு மெடல், வெண்பொங்கல், வடை. மெடல் எல்லோருக்கும்தான். பொங்கல் வரிசையில் ஊக்குத் தம்பி எனக்கு முன்னால் நின்றான். திரும்பிப் பார்த்து அசடு வழியச் சிரித்து, "நீங்க முன்னால போங்க்கா" என்றான். போனேன். அண்ணனையும் கூப்பிட்டு அவனுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன்.