அம்மாவுக்கு வாங்கிய லிஃப்ட் நாற்காலியும் திருப்பி அனுப்ப நேர்ந்த கதையும்

முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் சோபாவிலிருந்து எழுவதற்கே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்த 79 வயது அம்மாவுக்காக, பொத்தானை அழுத்தினால் இருக்கையே மெல்ல உயர்ந்து ஆளை எழுப்பிவிடும் மின்சார லிஃப்ட் நாற்காலி ஒன்றை வாங்கினோம். பணம் கட்டியதும், நாற்காலி மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தடையின்றி நடந்தன. அம்மா அதில் உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

கடையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். என் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அம்மா நாலடி பத்து அங்குலம். விற்பனையாளர் 150 கிலோ தாங்கும் என்றார், உறையின் நிறங்களை வரிசையாகக் காட்டினார். உட்காரப்போகிறவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் அம்மா முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபோது கால் கட்டைவிரல்கள் மட்டுமே தரையைத் தொட்டன. நாற்காலி உயரத் தொடங்கியதும், பாதம் ஊன்றாததால் உடல் அப்படியே முன்னால் வழுக்கியது. பக்கத்தில் நின்றதால் தாங்கிப் பிடித்தேன். மறுநாள் வந்த பிசியோதெரபிஸ்ட் முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை நாடாவை வைத்து அளந்தார்: 15 அங்குலம். இருக்கையின் உயரமோ 20 அங்குலம். இந்த ஓர் அளவை முதலில் எடுத்திருந்தால் அந்த நாற்காலியை வாங்கியே இருக்க மாட்டோம்.

மூன்றாம் நாள் மாலை, கால்களை மேலே நீட்டிச் சாய்ந்திருந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. இறக்க வழி தெரியவில்லை. கையேட்டைப் புரட்டியபோதுதான், அடியில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் பெட்டியில் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் போட்டு வைத்தால் மின்தடையின்போது நாற்காலியைப் பழைய நிலைக்கு இறக்கலாம் என்று தெரிந்தது. திறந்து பார்த்தால் அந்த இடம் காலியாக இருந்தது. கழிவறைக்குப் போக வேண்டும் என்று அம்மா சொன்ன பிறகு கடந்த அரை மணி நேரத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கடையில் கேட்டதற்கு, "பேட்டரி நீங்கதான் சார் வாங்கிப் போட்டுக்கணும்" என்றார்கள். பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். முதல் முறை மேலாளர் இல்லை என்று வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டாம் முறை, ஏழு நாளுக்குள் திருப்பலாம் என்று ரசீதிலேயே அச்சிட்டிருந்த வரியை எடுத்துக் காட்டிய பிறகே இசைந்தார்கள். வண்டிக் கூலியைக் கழித்துக்கொண்டார்கள்.

அடுத்த முறை அம்மாவையே ஆட்டோவில் கூட்டிப்போனேன். பாதம் முழுவதும் தரையில் பதிகிறதா என்பதைப் பார்த்த பிறகுதான் விலையையே கேட்டேன். பொத்தானிலிருந்து விரலை எடுத்த நொடியில் நின்றுவிடும் நாற்காலியாகத் தேர்ந்தெடுத்தோம். ஒரு தட்டுக்குத் தானாகவே உச்சிவரை ஓடுவது வயதானவர்களுக்கு ஆபத்து. கால்தாங்கியின் அடியில் கத்தரி போல மடங்கும் இரும்புப் பட்டைகளுக்குள் புடவைக் கொசுவம் சிக்கக்கூடும். பேரப்பிள்ளைகளின் விரலும் அப்படித்தான். அதனால் பிள்ளைகள் வரும் நாளில், அம்மா எழுந்த பிறகு பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். மற்ற நேரங்களில் இன்வெர்ட்டர் இணைப்புள்ள சுவர்ப் பிளக்கில்தான் அது இருக்கிறது. பேட்டரிகளும் உள்ளே இருக்கின்றன.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் தலைசுற்றி விழும் அபாயம் உண்டு. அம்மாவுக்கு மேல் அளவு 138-லிருந்து 114-க்கு இறங்கியது. மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றினார். நாற்காலியைப் பாதியில் நிறுத்தி ஒரு நிமிடம் கழித்தே எழ வேண்டும் என்றும் சொன்னார்.

ரிமோட்டில் இருந்த சிறிய அம்புக்குறிகள் அம்மாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, மேலே தூக்கும் பொத்தானில் அவரே ஒட்டிக்கொண்டார். இப்போது இருட்டிலும் விரலால் தடவிப் பார்த்து, யாரையும் கூப்பிடாமல் எழுகிறார்.