ஆசிட் பட்ட பானெட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும்

அப்பாவின் கார் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே எங்கள் குடியிருப்பின் உப்புத் தண்ணீர்க் குழாய் போகிறது. மடிப்பாக்கம் பக்கம் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மழைக்காலம் முடிந்ததும் அந்தக் குழாயின் ஒரு இணைப்பு கசிய ஆரம்பித்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால், கருநீல பானெட் முழுக்கக் காசு காசாக வெள்ளைக் கறை.

அப்பா என்னிடம் சொல்லாமல் தானே சரிசெய்யப் பார்த்திருக்கிறார். குளியலறை டைல்ஸுக்குப் போடும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து துடைத்தாராம். கறை நுரைத்துக்கொண்டு கரைந்திருக்கிறது. போகாத இடங்களில் கலக்காமலே ஊற்றியிருக்கிறார். போர் தண்ணீர்க் கறை பெரும்பாலும் சுண்ணாம்பு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் உடனே கரையும். அதனால் வேலை நடக்கிறது என்று அவர் நம்பியதில் தப்பில்லை. ஆனால் சுண்ணாம்போடு அது நிற்கவில்லை. பானெட் வெயிலில் சூடேறி இருந்தது, ஆசிட் அங்கேயே காய்ந்தும் விட்டது. சாயங்காலம் நான் பார்த்தபோது வெள்ளைப் புள்ளிகள் இல்லை. அவை இருந்த இடத்தில் பால் தெளித்த மாதிரி மங்கல், ஆசிட் வழிந்த தடம், தடத்தின் ஓரத்தில் நகத்தில் தட்டுப்படும் ஒரு மேடு.

"பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும்னு கேளும்மா, நான் குடுத்துடுறேன்" என்றார் அப்பா. பன்னிரண்டு வருடமாக அந்த வண்டியைக் குழந்தை மாதிரி துடைத்தவர். அவர் முகத்தைப் பார்த்த பிறகு, முதலில் நானே முயன்று பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அன்றிரவே செய்தது ஒன்றுதான். லாரியில் வந்த நல்ல தண்ணீர் நான்கு வாளி ஊற்றிக் கழுவினேன். அப்புறம் ஒரு வாளியில் இரண்டு கரண்டி ஆப்ப சோடா கரைத்து, பானெட்டின் ஓரங்கள், வைப்பருக்குக் கீழே உள்ள சந்து, ஹெட்லைட் இடுக்கு எல்லாவற்றிலும் விட்டு, திரும்பவும் கழுவினேன். பெயிண்டில் பட்டதைவிட, இடுக்கில் தங்கி இரும்பைத் தின்னும் ஆசிட்தான் எனக்கு அதிகக் கவலை. அவசரம் என்றால் இதற்கு மட்டும்தான். மற்றதெல்லாம் காத்திருக்கலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை. மங்கலான இடத்தில் தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். நனைந்ததும் மங்கல் மறைந்து நிறம் தெளிவாகத் தெரிந்தால், சேதம் கிளியர் கோட்டின் (நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) மேல்பரப்பில்தான் இருக்கிறது, பாலிஷில் வந்துவிட வாய்ப்பு உண்டு. நனைந்த பிறகும் தெரிந்தால் ஆழமாகப் போயிருக்கிறது. எங்கள் பானெட்டில் முக்கால்வாசி மறைந்தது. இரண்டு இடங்களில் மறையவே இல்லை. அந்த இரண்டையும் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன்.

இந்த வேலையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டது ஒரு கணக்கைத்தான். கம்பெனியிலிருந்து வரும் காரில் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 130 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன்கூட அதைவிட அதிகம். பாலிஷ் போடுவது என்றால் எதையோ பூசுவது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் இருப்பதைத் தேய்த்து எடுக்கிறோம். எடுத்தது திரும்பி வராது.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய்ப் பொருட்கள் வாங்கினேன்: 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும்), ரப்பிங் காம்பவுண்டு (பாலிஷைவிடக் கரகரப்பான பசை), பாலிஷ், பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி, ஃபோம் பேட், ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணி. கடைக்காரர், "ஆயிரம் போடுங்க மேடம், அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றார். சீக்கிரம் முடியும்தான், கிளியர் கோட்டும் அதே வேகத்தில் போகும். வாங்கவில்லை. பாலிஷ் மெஷின் மட்டும் தம்பியின் நண்பரிடம் இரவல். டூயல் ஆக்‌ஷன் வகை, சுழன்றுகொண்டே ஆடும். பட்டறைகளில் இருக்கும் ரோட்டரி, அதாவது சுழல மட்டும் செய்யும் வகை, வேகமாக அறுக்கும், ஆனால் பழகாத கையில் சூடேறி ஓரங்களைச் சுட்டுவிடும்.

முதல் ஞாயிறு ஒரு சாண் சதுரம் மட்டும். காலை ஆறரைக்கே ஆரம்பித்தேன், ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பானெட்டில் கை வைக்க முடியாது. கழுவி, களிமண் கட்டி தேய்த்து, ஓரங்களுக்கு டேப் ஒட்டி, பாலிஷ் மட்டும் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தெளிந்தது, போதவில்லை. அதே இடத்தில் காம்பவுண்டு, மெதுவான நான்கு சுற்று. துடைத்தபோது மேலே ஓடும் குழாய் பானெட்டில் கோடாகத் தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் அந்தப் பளபளப்பை அப்படியே நம்பக் கூடாது. காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி நல்லபடியாகக் காட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்த பிறகு தெரிவதுதான் நிஜம். துடைத்தேன், மெல்லிய வழிந்த தடங்கள் இரண்டு திரும்பி வந்தன.

அடுத்த ஞாயிறு வாட்டர் பேப்பர். எனக்கு மிகவும் பயமாக இருந்த பகுதி இது. பேப்பரைப் பத்து நிமிடம் ஊறவைத்து, சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, துளி ஷாம்பு விட்ட தண்ணீரோடு, நகத்தில் தட்டுப்படும் ஓரங்களில் மட்டும் 2000. எட்டு பத்து இழுப்பு, துடை, பார். நகம் வழுக்கிப் போனதும் நிறுத்திவிட்டு 3000. அந்த இடம் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், பதற வேண்டாம். காம்பவுண்டு போட்டதும் தெளிந்துவிடும். விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பேப்பர் போடவே இல்லை, அங்கே பெயிண்ட் எப்போதும் மெலிவாக இருக்கும்.

மூன்றாவது ஞாயிறு, டேப் ஒட்டி வைத்திருந்த அந்த இரண்டு இடங்கள். முதலாவதில் இரண்டு சுற்று ஓட்டியதும் வெள்ளைப் பேடில் லேசான நீலம். கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயிண்டில் பேடில் நிறம் வருவது சகஜம். இந்த வண்டியில் வந்தால் கிளியர் கோட் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே மெஷினை அணைத்தேன். இரண்டாவதைத் தொடவில்லை. ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் காசு அளவுதான்.

பக்கத்துத் தெரு டிங்கரிங் பட்டறையில் கேட்டேன். அந்த இடத்துக்கு மட்டும் கிளியர் அடித்தால் ஓரம் தெரியும், பானெட் முழுக்க அடிக்க வேண்டும் என்றார் பெயிண்டர். நியாயமான பதில்தான். ஹார்ட்னர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலந்த கிளியரை வீட்டில் அடிக்கவும் எனக்கு மனமில்லை. அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, சரியான முகக்கவசம் இல்லாமல் அந்தப் புகையைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கெடுதல். இப்போதைக்கு வாக்ஸ் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அது கிளியர் கோட்டுக்கு ஈடாகாது, சித்திரை வெயிலில் அந்த இடம் மேலும் வெளுக்கும். மழைக்கு முன்னால் பட்டறைக்கு விடுவதாகத் திட்டம்.

நான்காவது ஞாயிறு பானெட் முழுவதற்கும் பாலிஷ், அதன்மேல் வாக்ஸ். இடது ஃபெண்டரில் (முன் சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) ஆசிட் வழிந்த ஒரு தடம் இன்னும் பாக்கி இருக்கிறது.

குழாய் இணைப்பை பிளம்பர் மாற்றிவிட்டார். அப்பா இப்போது ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்து வண்டிக்குள் வைத்திருக்கிறார். புதுக் கறை விழுந்தால், பானெட் குளிர்ந்திருக்கும்போது அடித்து, ஓரிரு நிமிடத்தில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று பாட்டில்மேல் அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.