மரத்தோடு தொட்டியையும் பாருங்கள்

டோக்கியோவுக்கு வரும் நம்மூர்க்காரர்களில் நிறையப் பேருக்கு முதல் விலாசம் நிஷிகசாய்தான். 2000-ஐ ஒட்டி, வருஷம் மாறும்போது கம்ப்யூட்டர்கள் தேதியில் குழம்பாமல் சரிசெய்யும் ஒய்2கே வேலைக்காக வந்த ஐடிக்காரர்கள், தோசாய் லைனில் ஆபீஸ் போக வசதி என்று இந்தப் பக்கம் வீடு எடுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு டோக்கியோவிலேயே இந்தியர்கள் அதிகம் இருப்பது எங்கள் எதோகாவா வார்டில்தான். கறிவேப்பிலை கிடைக்கும், தமிழ் பேச ஆள் கிடைக்கும், பையனுக்குக் கூட விளையாட நம்ம பிள்ளைகள் இருப்பார்கள். ஜப்பானுக்குள் போகாமலேயே ஜப்பானில் காலம் தள்ளிவிடலாம். எனக்கு அது போதவில்லை. கணவர் ஆபீஸ் போய், பையன் பள்ளிக்கூடம் போனதும் நீண்ட பகல் ஒன்று கையில் இருந்தது. தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். அங்கே சொல்லித்தந்த வயதான சென்ஸே, எனக்கு மண்பாண்டம் பிடிக்கும் என்று தெரிந்ததும், "அப்படியென்றால் ஷுன்காயென் போய்ப் பாருங்கள், நம் வார்டிலேயே இருக்கிறது" என்றார்.

போன்சாய் என்றால் தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரம். குனியோ கோபயாஷி என்ற போன்சாய்க் கலைஞர் 2002-இல் திறந்த தோட்டமும் அருங்காட்சியகமும்தான் ஷுன்காயென். சாதாரண குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த ஜப்பானிய வீடு, சுற்றிலும் பலகைகள் மேல் வரிசை வரிசையாக மரங்கள், நூறு வருஷத்தைத் தாண்டியவை எல்லாம் வெயிலில் சும்மா நிற்கும். எல்லாரும் மரத்தைப் பார்க்கிறார்கள். நான் தொட்டியைப் பார்த்தேன்.

காரணம் இருக்கிறது. நான் விருத்தாசலத்துப் பெண். எங்கள் ஊரில் பீங்கான் பேட்டை இருக்கிறது. அகல் விளக்கு, கொலு பொம்மை, கரண்டுக்கு ஃப்யூஸ் கட்டை எல்லாம் அங்கே செய்வார்கள். அப்பா அங்கே சூளையில் வேலை பார்த்தவர். மண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும், எந்தப் பக்கம் சீக்கிரம் காய்கிறதோ அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு கோணும் என்பதைப் பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்னாலேயே கேட்டு வளர்ந்தவள் நான். வட்டமாக ஒரு சட்டி செய்வது ஒரு வேலை. தட்டையாக, நீளமாக, நான்கு மூலையும் கூர்மையாக ஒரு செவ்வகத் தொட்டி செய்வது வேறு வேலை. மண்ணைப் பலகையாகத் தட்டி ஒட்ட வேண்டும், அல்லது அச்சில் அழுத்தி எடுக்க வேண்டும். அவசரமாகக் காயவைத்தால் மூலை விரிசல் விடும், நடுவில் அடிப்பாகம் தொங்கும், விளிம்பு அலை அலையாக நெளியும். ஷுன்காயெனில் ஒரு பைன் மரம் இருந்த தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, விளிம்போடு ஒரு கண்ணை வைத்து நேர்கோடு பிடித்துப் பார்த்தேன். ஒரு முழத்துக்கு மேல் நீளம், துளி நெளிவு இல்லை. உதட்டு விளிம்பு வெளிப்பக்கமாக விரல் கனத்துக்கு மடிந்திருந்தது, அதற்குக் கீழே ஒரே ஒரு மெல்லிய வரி சுற்றிலும் ஓடியது. மூலைகளில் மேகச் சுருள் மாதிரி வெட்டிய கால்கள். அந்தக் கால்கள் அலங்காரத்துக்கு மட்டும் இல்லை, அடியில் இருக்கும் துளைகள் வழியாகத் தண்ணீர் வடியவும் காற்று போகவும் தொட்டி தரையில் படாமல் தூக்கி நிறுத்துவது அவைதான்.

தொட்டியை மரத்துக்குப் பொருத்துவதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தொட்டியின் ஆழம் ஏறக்குறைய அடிமரத்தின் பருமன் அளவு, நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பைன், ஜூனிபர் மாதிரி ஊசியிலை மரங்களுக்கு கிளேஸ் (சுட்டதும் கண்ணாடி மாதிரி பளபளக்கும் மேற்பூச்சு) பூசாத, செம்மண் அல்லது பழுப்பு நிறத் தொட்டி. மேப்பிள், பூக்கும் மரம், காய்க்கும் மரம் என்றால் கிளேஸ் பூசியது. இலையுதிர் காலத்தில் மேப்பிள் சிவந்து நிற்கும்போது கீழே சாம்பல் கலந்த நீலத்தில் தொட்டி இருந்தால் எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். முரட்டு அடிமரத்துக்குக் கோணங்கள் உள்ள தொட்டி, மெலிந்து வளைந்து போகும் மரத்துக்கு வட்டமோ முட்டை வடிவமோ. பாறையிலிருந்து தொங்குவது போல் தொட்டிக்குக் கீழே இறங்கும் மரத்துக்கு மட்டும் உயரமான, ஆழமான தொட்டி, இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும் போலத் தோன்றும். சரி, இதெல்லாம் கணக்கு. கணக்கை மீறி வைத்து அதுவே அழகாக நிற்பதையும் பார்த்திருக்கிறேன், அதற்குக் கண் வேண்டும், அந்தக் கண் வர வருஷங்கள் ஆகும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

போன்சாய் பிறந்த வழி சீனத்திலிருந்துதான் என்பதால் பழைய சீனத் தொட்டிகளுக்கு இங்கே தனி மதிப்பு. ஜப்பானுக்குள் என்றால் ஐச்சி மாகாணத்தின் டோகோனாமே. மண்பாண்டத்துக்குப் பல நூற்றாண்டுகளாகப் பேர்போன ஊர், போன்சாய்த் தொட்டி என்றாலே முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான். சின்ன மரங்களுக்கான குட்டித் தொட்டி என்றால் கியோட்டோவின் ஹெய்யான் தோஃபுகுஜி. 1890-இல் பிறந்து 1970-இல் மறைந்த அந்தக் குயவர், சொந்தச் சூளை இல்லாமல் பிறர் சூளைகளில் சுட்டெடுத்தவர், வறுமையில் வாழ்ந்தவர். உள்ளங்கையில் அடங்கும் அவருடைய தொட்டிகளுக்கு இன்றைக்குச் சேகரிப்பவர்கள் போட்டி போடுகிறார்கள். அவர் கதையைக் கேட்ட அன்றைக்கு அப்பாவோடு வேலை பார்த்தவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் செய்த எதிலும் அவர்கள் பெயர் இல்லை.

அப்புறம் ஓமியா. சைத்தாமா பக்கம், உத்சுனோமியா லைனில் ஓமியாவுக்கு அடுத்த தோரோ ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் போன்சாய் கிராமம். 1923 பெரும் பூகம்பத்துக்குப் பிறகு டோக்கியோ நகருக்குள் இருந்த போன்சாய்க்காரர்கள் நல்ல மண், தண்ணீர், இடம் தேடி 1925-இல் இங்கே குடிவந்தார்கள். 1928-இல் தங்களுக்குள் விதி போட்டுக்கொண்டார்கள்: குடிவருபவர் குறைந்தது பத்து போன்சாயாவது வைத்திருக்க வேண்டும், யார் வந்தாலும் கதவைத் திறந்து காட்ட வேண்டும், மாடி வீடு கட்டக்கூடாது, சுற்றுச்சுவருக்குப் பதில் உயிர்வேலி வைக்க வேண்டும். ஊரை விட்டு வந்தவர்கள் புது ஊரில் எழுதி வைத்த விதிகளில் ஒன்று, யார் வந்தாலும் காட்டு என்பது. எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. இப்போது தோட்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான், பெரும்பாலானவற்றில் போட்டோ எடுக்கவும் விடமாட்டார்கள், ஆனாலும் நுழைந்து பார்க்கலாம். 2010-இல் திறந்த ஓமியா போன்சாய் அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. வியாழக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள். மரங்களோடு தொட்டிகளையும் தனிக் கலைப்பொருளாகச் சேகரித்து வைத்திருக்கிறார்கள்.

ஊரிலிருந்து போனில் பேசுபவர்கள் கேட்பது ஒன்றுதான், மரத்தை இப்படிக் குறுக்கி வைப்பது பாவம் இல்லையா என்று. நானும் தோட்டக்காரர்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன். பதிலை வேலையில் காட்டினார்கள். குளிர் முடிந்து மொட்டு விடுவதற்கு முன்னால் மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, மூங்கில் குச்சியால் பழைய மண்ணை நோண்டி எடுத்து, கிழவேர்களைக் கத்தரித்து, அகாதாமா என்ற உருண்டை உருண்டையான மண்ணைச் சலித்துப் போட்டு, ஆட்டம் காணாமல் துளைகள் வழியே கம்பி கட்டித் திரும்ப நடுகிறார்கள். வெட்டிய இடத்தில் இளவேர் விடுகிறது, மரத்துக்கு வயது கூடுவது அதனால்தான். வெயில் காலத்தில் ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் போச்சு. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது வெடித்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில், யமாக்கி குடும்பத்தின் தோட்டத்தில் தப்பிய ஒரு வெள்ளைப் பைன், 1625 முதல் தொட்டியில் வளர்வது, 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய் இன்றைக்கும் வாஷிங்டனில் பசுமையாக நிற்கிறது. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தினமும் தண்ணீர் ஊற்றியிருந்தால்தானே அது நடக்கும். பாவம் என்ற சொல் எனக்கு இங்கே பொருந்தவில்லை.

மே 3 முதல் 5 வரை ஓமியாவில் பெரிய போன்சாய்த் திருவிழா, தெருவெல்லாம் கடை போடுவார்கள். அங்கே ஒரு டோகோனாமே தொட்டி வாங்கினேன். கிளேஸ் இல்லாத செம்மண் நிறம், அடியில் செய்தவரின் முத்திரை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு வீடியோ கால். திருப்பிக் காட்டச் சொன்னார், காலைக் காட்டச் சொன்னார், உள்பக்கம் கிளேஸ் இருக்கிறதா என்று கேட்டார். வேர் பிடிப்பதற்காக உள்ளே பூசமாட்டார்கள் என்றேன். "போன் கிட்ட வச்சுத் தட்டும்மா" என்றார். நகத்தால் சுண்டினேன், கணீரென்று கேட்டது. "நல்லா வெந்திருக்கு, இது பனியில வெடிக்காது" என்றார்.

அந்தத் தொட்டியில் இப்போது ஒரு சின்ன மேப்பிள், பால்கனியில் இருக்கிறது. இலையுதிர் மரத்துக்கு கிளேஸ் பூசிய தொட்டிதான் முறை என்று தெரியும், ஆனால் இதன் இளந்தளிர் சிவப்புக்குச் செம்மண் நிறம் ஒத்துப்போகிறது, பார்த்த தோட்டக்காரர் ஒருவரும் தலையசைத்தார். ஊருக்குப் போகும் நாட்களில் மரத்தைத் தோட்டத்திலேயே ஒப்படைத்துவிட்டுப் போகலாம், காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வார்கள். மரத்தையும் மண்ணையும் விமானத்தில் இஷ்டத்துக்கு இந்தியா கொண்டுபோக முடியாது, வெறும் தொட்டிக்குத் தடையில்லை. தீபாவளிக்குப் போகும்போது இன்னொன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் அப்பா. அதற்கு முன்னால் பேட்டையில் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி நம்ம மண்ணில் ஒன்று செய்து பார்க்கப் போகிறாராம், விளிம்பின் கனம், காலின் உயரம், அடித்துளையின் அகலம் எல்லாம் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஸ்கேல் எடுத்து அளந்துகொண்டிருக்கிறேன், சுருங்குவதற்கு எவ்வளவு கூட்டிப் போடுவது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.